ரேவதி ராகத்தை எடுத்துக்கொண்டு ஜாஸ் வாசிக்கப் போனேன்

மன்ஹாட்டனில் கிரீனிச் வில்லேஜ் பக்கம், தரைக்குக் கீழே இருக்கிற ஒரு சின்ன கிளப்பில், நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் வயலினோடு மேடை ஏறி மூன்று கோரஸ் (பாட்டின் ஒரு முழுச் சுற்று ஒரு கோரஸ்) வாசித்தேன். அந்த மூன்று கோரஸுக்காக ஏழு மாதம் சாதகம் செய்திருந்தேன். இறங்கி வரும்போது கைதட்டல் இருந்தது. யார் வாசித்தாலும் தட்டுகிற கைதட்டல் அது. மேடையில் இருந்த மூன்று பேரில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியை மூடிக்கொண்டு வெளியே வந்து, கிறிஸ்டஃபர் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு ரயில் வந்து போனது. என்னை வாட்டியது இதுதான்: நான் ஒரு சுரம்கூடக் கை தவறி வாசிக்கவில்லை. எதை வாசிக்க நினைத்துப் போனேனோ அதுவே கையில் வந்தது. அப்படியும் ஏன் அவ்வளவு ஒட்டாமல் கேட்டது என்று எனக்கு விளங்கவில்லை, சொல்லவும் ஆள் இல்லை. அதைக் கண்டுபிடிக்க இன்னும் ஏழு மாதம் ஆனது. கர்நாடக சங்கீதம் கற்றுவிட்டு ஜாஸ் பக்கம் திரும்புகிறவர்களுக்கு, அதிலும் ராகம் தெரியும் என்பதால் ஸ்கேல் (மேற்கத்திய சுர வரிசை) சுலபம் என்று நம்புகிறவர்களுக்கு, அந்த ஏழு மாதமாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

திருச்சி உறையூரில் ஏழு வயதில் வயலின் ஆரம்பித்து, பதினேழு வயது வரை கற்றேன். அப்புறம் கல்லூரி, வேலை, கல்யாணம், ஜெர்சி சிட்டி. பதினாறு வருடம் பெட்டியைத் திறக்கவே இல்லை. திறந்தபோது கச்சேரி ஆசை மனதில் இல்லை; வேலை முடிந்து வரும் வழியில் கேட்டுக் கேட்டுப் பழகிய ஜாஸ்தான் இருந்தது. நம் வயலின்காரர்களுக்கு முதல் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாம் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறோம். அதனால் இடது கை வயலினைத் தாங்க வேண்டியதில்லை, தந்தி மேல் இஷ்டத்துக்கு வழுக்கிப் போகலாம். தந்திகளும் சா-பா-சா-பா. ஜாஸ் மேடையில் தரையில் உட்கார இடம் கிடைக்காது. நின்றுகொண்டு மோவாய்க்கடியில் பிடிக்க வேண்டும், தந்திகள், மேற்கத்திய சுரப் பெயர்களில், ஜி-டி-ஏ-ஈ. விரல் விழும் இடமெல்லாம் மாறிவிடும். எனக்கு இதற்கே மூன்று மாதம் போனது. கழுத்து வலியால் இரண்டு வாரம் வில்லைத் தொடவே முடியவில்லை. ஒரு மாதத்தில் பழகிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வயலின், அதன் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பிக்அப், தோள் தாங்கி எல்லாம் சேர்த்து 650 டாலர். ஒரு ஆன்லைன் கோர்ஸ் 390 டாலர். பின்னால் மணிக்கு 70 டாலர் வீதம் பன்னிரண்டு தனி வகுப்பு, 840 டாலர். மொத்தம் 1,880 டாலர், நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். இதில் வயலினுக்குப் போட்டது வீண் இல்லை. மற்ற இரண்டுக்கும் போட்டதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். நான் தேடிய பதில் ஏற்கனவே உறையூரில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்துக்குள்ளேயே இருந்தது.

அந்த கோர்ஸில்தான் ஐந்து சுர ஸ்கேல்கள் வந்தன. நாம் ஔடவ ராகம் என்று சொல்வதை அவர்கள் பென்டடானிக் என்கிறார்கள். மோகனத்தின் சுரங்கள் அவர்களுக்கு மேஜர் பென்டடானிக். சுத்த தன்யாசியின் சுரங்கள் மைனர் பென்டடானிக். ப்ளூஸ், ராக் இரண்டிலும் இது இல்லாத இடமே கிடையாது. இந்த இரண்டையும் எல்லோரும் வாசிக்கிறார்கள், தனியாகத் தெரிய வேண்டுமானால் அபூர்வமானதை எடுங்கள் என்று சொல்லி, இன்-சென் என்ற ஜப்பானியப் பெயர் கொண்ட ஒன்றைக் காட்டினார்கள். ஈ, எஃப், ஏ, பி, டி. வாசித்துப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. ஈயை சாவாக வைத்தால் சா, சுத்த ரிஷபம் (ரி), சுத்த மத்யமம் (ம), பா, கைசிகி நிஷாதம் (நி). ரேவதி! ‘போ சம்போ’ கேட்டவர்கள் எல்லோருக்கும் காதில் இருக்கிற ராகம். இந்துஸ்தானியில் இதே சுரங்கள்தான் பைராகி. ஜாஸ்காரர்கள் பாடப் புத்தகம் வைத்துக் கற்கிற ஒன்று எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியும் என்ற சந்தோஷம் எத்தனை பெரியது என்று, ஊரை விட்டு வந்து வாத்தியத்தை மறந்திருந்தவர்களுக்குப் புரியும். இனி இதுதான் என் வழி என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அதோடு, இந்த ஐந்து சுரங்களும் வயலினில் வெகு அழகாக உட்காரும். டி, ஏ, ஈ மூன்றும் ஓபன் ஸ்ட்ரிங், விரல் வைக்காமலே ஒலிப்பவை. மற்றதெல்லாம் முதல் பொசிஷனிலேயே விரலுக்குக் கிடைத்துவிடும். அதனால் நான் ஈயை விட்டு நகரவே இல்லை. போனில் தம்பூரா ஆப்பை ஈயில் வைத்துக்கொண்டு, காலை ஐந்தரை முதல் ஆறரை வரை ரேவதி. ஆலாபனை மாதிரி ஆரம்பித்து, பிறகு மெட்ரனோம் (தாளம் தட்டும் கருவி) வைத்து வேகப்படுத்தினேன். பக்கத்து அறையில் கணவர் முழித்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு வந்தது. தம்பூராவின் மேல் நன்றாகத்தான் இருந்தது. சிக்கல் அங்கேதான் இருந்தது, எனக்குத் தெரியவில்லை. கோர்ஸில் ‘டாமினன்ட் கார்ட் வந்தால் இதைப் போடுங்கள்’ என்று ஒற்றை வரியில் சொல்லியிருந்தார்கள். கார்ட் என்றால் சேர்ந்து ஒலிக்கிற பல சுரங்கள்; டாமினன்ட் என்பது அடுத்த கார்டில் போய்ச் சேரத் தவிக்கிற வகை. அந்த வரியை நம்பினேன்.

அன்று இரவு மேடையில் பியானோ, பாஸ் (அடிச் சுரங்களை வாசிக்கிற பெரிய தந்தி வாத்தியம்), டிரம்ஸ். என்ன வாசிக்கலாம் என்று கேட்டார்கள். ஏ மைனரில் ப்ளூஸ் என்றேன், ஏனென்றால் அதில் ஈ செவன்த் என்கிற டாமினன்ட் கார்ட் வரும், அங்கே என் ரேவதியை வைக்கலாம் என்று திட்டம். பன்னிரண்டு பார், ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை. முதல் நான்கு ஏ மைனர், அடுத்த இரண்டு டி மைனர், மறுபடி இரண்டு ஏ மைனர், ஒன்பதாவதில் எஃப் செவன்த், பத்தாவதில் ஈ செவன்த், கடைசி இரண்டில் ஏ மைனர். கார்டுகள் மாறுவது தெரியும். ஆனால் நான் எல்லாவற்றுக்கும் ஈயையே சாவாகப் பிடித்துக்கொண்டு ரேவதி வாசித்தேன். ஏ மைனரில் வெறிச்சென்று இருந்தது. டி மைனர் வந்த இரண்டு பாரில் மட்டும் என்னவோ திடீரென்று வெளிச்சம் வந்த மாதிரி அழகாக விழுந்தது. பாஸ் வாசித்தவர் ‘யெஸ்’ என்றுகூடச் சொன்னார். ஏன் என்று தெரியாமல் அதைத் தாண்டிப் போனேன். பத்தாவது பாரில், நான் காத்திருந்த ஈ செவன்த்தில், மத்யமத்தில் நின்று நீளமாக வில்லை இழுத்தேன். பியானோவில் அதே நேரம் ஜி ஷார்ப், அதாவது ஜிக்கு அரைச்சுரம் மேலே. ஈ சாவுக்கு அது அந்தர காந்தாரம் (க); அவர் அதை அழுத்திப் பிடித்திருக்கிறார், நான் அதை அரைச்சுரத்தில் உரசிக்கொண்டு சுத்த மத்யமத்தில் நிற்கிறேன். பல் கூசுகிற மாதிரி இருந்தது. மூன்றாவது கோரஸில் பியானோக்காரர் கையை எடுத்துவிட்டார். அது எனக்குக் கதவைச் சாத்தியது போல் பட்டது. பியானோ ஒதுங்கி நின்று தனி வாசிப்புக்கு இடம் விடுவது ஜாஸில் சாதாரண மரியாதை என்பது வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு அவர் எந்த அர்த்தத்தில் கையை எடுத்தார் என்று கேட்கும் தைரியம் எனக்கு இருக்கவில்லை. இப்போது யாருக்காவது இப்படி நடந்தால் தயவுசெய்து இறங்கியதும் அவரிடமே கேட்டுவிடுங்கள். கேட்டிருந்தால் எனக்கு அந்த இரவிலேயே பாதி விடை கிடைத்திருக்கும்.

இந்த இடத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். ரேவதியில் காந்தாரமே கிடையாது. ஒரு கார்ட் மேஜரா மைனரா என்று சொல்வது காந்தாரம்தான். அது இல்லாத ஸ்கேல், காந்தாரம் இல்லாத கார்டின் மேல்தான் நிம்மதியாக உட்காரும். நோட்டில் ‘ஈ சஸ் ஃபிளாட் நைன்’ என்று எழுதியிருந்தால், அந்தக் கார்டில் காந்தாரத்துக்குப் பதிலாக மத்யமம் இருக்கிறது, ரிஷபம் சுத்த ரிஷபம். அது ரேவதியின் சொந்த வீடு. வெறும் ‘ஈ செவன்’ என்று இருந்தால் அங்கே ஜி ஷார்ப் உண்டு; ரேவதியின் மத்யமத்தைக் கடந்து போகலாம், நிற்கக் கூடாது. டாமினன்ட் என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் அடங்கிவிடுவதால்தான் என் கோர்ஸ் என்னைக் குழியில் தள்ளியது. மெக்காய் டைனரை எடுத்துக்கொள்ளுங்கள். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோடு 1960 முதல் 1965 வரை பியானோ வாசித்தவர். அவர் இடது கை அடியில் ஐந்தாம் சுர இடைவெளியை ஓங்கி அடிக்கும், கார்டுகளை நான்காம் சுர இடைவெளிகளாக அடுக்கும். அந்த அடுக்குகளில் காந்தாரம் பல இடத்தில் ஒளிந்தே இருக்கும். வலது கையில் ஐந்து சுரக் கோர்வைகள் அவ்வளவு தாராளமாக ஓட முடிந்ததற்கு அடியில் அப்படி ஓர் இடம் விட்டிருந்ததும் ஒரு காரணம். நான் மேல்மாடியை மட்டும் பார்த்துவிட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போனேன்.

அன்றைக்கு இதெல்லாம் தெரியாததால் தவறான வைத்தியங்களைத் தேடினேன். வேகம் போதவில்லை என்று நினைத்து வேகத்தைக் கூட்டினேன். பன்னிரண்டு சுருதியிலும் இன்-சென் வாசிக்க வேண்டும் என்று ஒரு அட்டவணை போட்டு இரண்டரை மாதம் தள்ளினேன். ஒன்றும் காதில் நிற்கவில்லை, விரலில் மட்டும் நின்றது. பன்னிரண்டு தனி வகுப்புகளும் அப்போதுதான். ஆசிரியர் நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். ஆனால் நான் காதில் ஒரே சாவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. தம்பூராவோடு வளர்ந்த காது எப்படி இருக்கும் என்று அவர் அறியார். எனக்கும் அதைச் சொல்லத் தெரியவில்லை. கர்நாடக சங்கீதப் பயிற்சி உள்ளவர்கள் ஜாஸ் ஆசிரியரிடம் போனால் முதல் வகுப்பிலேயே சொல்லுங்கள்: எங்கள் இசையில் ஆதாரச் சுருதி கச்சேரி முடியும் வரை நகராது, நான் எல்லாச் சுரத்தையும் அந்த ஒன்றிலிருந்தே அளக்கிறேன் என்று. இந்த ஒரு வாக்கியம் எனக்கு 840 டாலரில் பாதியை மிச்சப்படுத்தியிருக்கும்.

திருப்பம் வந்தது எங்கள் பகுதியில் ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில். சனிக்கிழமை மதியம் அங்கே வயதானவர்கள் சிலர் கூடி வாசிப்பார்கள், யார் வேண்டுமானாலும் போகலாம். கட்டணம் இல்லை, காப்பிக்கு ஒரு டப்பாவில் இரண்டு டாலர் போடுவோம். அங்கே பாஸ் வாசிக்கிற பெரியவர், எழுபதைத் தாண்டியவர், நான் ஓரமாக என் ஐந்து சுரத்தை வாசித்துக்கொண்டிருப்பதைக் கேட்டுவிட்டு, வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார். “நீங்கள் பாட்டுக்கு வாசியுங்கள், எதையும் மாற்ற வேண்டாம்” என்றார். அவர் அடித் தந்தியில் ஈயைப் பிடித்தார். ரேவதி. எனக்குத் தெரிந்த ரேவதி, இன்னும் ஆழமாக. ஒரு நிமிடம் அப்படியே போனது. பிறகு ஒன்றும் சொல்லாமல் விரலை நகர்த்தி டியில் வைத்தார்.

என் வில் நடுங்கியது. நான் அதே எஃப்பைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன், அது ரிஷபமாக இல்லை. சாதாரண காந்தாரமாக மாறி நெஞ்சைப் பிடித்தது. டி சா, ஈ சதுச்ருதி ரிஷபம், எஃப் சாதாரண காந்தாரம், ஏ பா, பி சதுச்ருதி தைவதம். சிவரஞ்சனி! நம் சினிமாவில் மனசு உடைகிற இடங்களுக்கெல்லாம் வருகிற அந்த ராகம், சர்ச் கீழ்த்தளத்தில், என் கையிலேயே இருந்து, நான் ஒரு விரலைக்கூட மாற்றாமல் வந்தது. அவர் எஃப்புக்குப் போனார். உடனே அந்தர காந்தாரம், பிரதி மத்யமம், காகலி நிஷாதம் என்று எல்லாம் திறந்துகொண்டது, சுநாதவினோதினி. பிறகு பி. பிறகு ஜி. கடைசியாக சி ஷார்ப்பில் வைத்து என் முகத்தைப் பார்த்தார். அதில் என் ஐந்து சுரத்தில் சாவும் இல்லை, பாவும் இல்லை. எல்லாமே எங்கோ போய்ச் சேரத் தவிக்கிற மாதிரி தொங்கியது. எனக்கு மூச்சு வாங்கியது. கிளப்பில் நடந்த ஜாமில் (கூட்டு வாசிப்பில்) அந்த டி மைனர் பார் இரண்டும் ஏன் அவ்வளவு அழகாக விழுந்தன என்பது அந்த நொடியில் புரிந்துவிட்டது. அங்கே நான் அறியாமலே சிவரஞ்சனி வாசித்திருக்கிறேன்.

இதற்கு நம்மிடம் பெயர் இருக்கிறது: கிரகபேதம். சுரத்தை மாற்றாமல் ஆதாரத்தை மட்டும் மாற்றினால் வேறு ராகம் பிறக்கும். நம் கச்சேரியில் அதை அபூர்வமாக, ஒரு வித்தை காட்டுகிற மாதிரி சில நிமிடம் செய்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஜாஸில் அது ஒவ்வொரு பாரிலும் நடக்கிறது. எது சா என்று தீர்மானிப்பது நான் இல்லை, பாஸ்காரர். நான் ஏழு மாதம் தம்பூராவின் மேல் சாதகம் செய்தது, நகர்கிற தரையில் நடப்பதற்கு நிற்கிற தரையில் பழகியது போல ஆகிவிட்டது.

அன்றைக்கு ராத்திரியே, ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலை, உறையூர் வயலின் வாத்தியாருக்குப் போன் செய்தேன். வயது எண்பத்தொன்று. எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “சாவை எங்கம்மா வெச்சுப் பழகினே?” என்று கேட்டார். ஈயில் மட்டும் என்றேன். “வயலினைக் கீழ வை. மூணு ராகத்தையும் பாடு” என்றார். போனிலேயே பாடினேன். ரேவதியில் மத்யமத்தில் நின்று, அந்த மத்யமத்தை சிவரஞ்சனியின் பஞ்சமமாக நினைத்துக் கீழே இறங்கச் சொன்னார். மூன்று தடவை தப்பினேன், நான்காவது தடவை வந்தது. “பாட்டுல வராதது வில்லுல வராது, இதை நான் உனக்கு அப்பவே சொன்னேனே” என்றார். சொன்னார்தான். இருபத்திரண்டு வருடம் முன்னால்.

அதற்குப் பிறகு நான் சாதகத்தை எப்படி மாற்றிக்கொண்டேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதைத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். தம்பூரா ஆப்பை மூடிவிட்டேன். பெரியவரிடம் கேட்டு, பாஸில் ஒவ்வொரு சுரமும் ஐந்து நிமிடம் மட்டும் வருகிற மாதிரி போனில் பதிவு செய்துகொண்டேன்: ஈ, டி, எஃப், பி, ஜி, சி ஷார்ப். பியானோ இருந்தால் இடது கையில் யாராவது ஒரு சுரத்தை அழுத்திக்கொண்டிருந்தாலும் போதும். ஒவ்வொன்றின் மேலும் அதே ஐந்து சுரம், முதலில் பாடி, பிறகு வில்லில். பாடும்போது ஆங்கில எழுத்தைச் சொல்லாமல் அந்தந்த ஆதாரத்துக்குரிய சுரப் பெயரைச் சொல்லிப் பாட வேண்டும். எஃப் ஒரு இடத்தில் ரி, ஒரு இடத்தில் க, ஒரு இடத்தில் சா. வாய் தடுமாறும். தடுமாறட்டும், அங்கேதான் காது கற்றுக்கொள்கிறது. முதல் மூன்று வாரம் இந்த ஒரு குடும்பத்தை விட்டு நான் வெளியே போகவில்லை. பன்னிரண்டு சுருதியும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, எல்லாவற்றையும் ரேவதியாக யோசிப்பதை விட்டுவிட்டு சிவரஞ்சனியாக யோசிக்க ஆரம்பித்தேன், கணக்கு சுலபமாகிறது. மைனர் கார்ட் வந்தால் அதன் மூலசுரத்திலேயே, அதாவது கார்டின் பெயரில் இருக்கிற சுரத்திலேயே, சிவரஞ்சனி. காந்தாரம் உள்ள டாமினன்ட் கார்ட் மைனருக்குத் திரும்பப் போகிறது என்றால், அதன் மூலசுரத்துக்கு அரைச்சுரம் மேலே சிவரஞ்சனி. என் ஏ மைனர் ப்ளூஸின் பத்தாவது பாரில் ஈ செவன்த் வந்ததல்லவா? அங்கே எஃப்பில் சிவரஞ்சனி வாசித்தால் எஃப், ஜி, ஏ ஃபிளாட் (ஏவுக்கு அரைச்சுரம் கீழே), சி, டி. அந்த ஏ ஃபிளாட்தான் பியானோக்காரர் அழுத்திய ஜி ஷார்ப். நான் அன்றைக்கு உரசிய அதே சுரம், இப்போது ஸ்கேலுக்குள்ளேயே இருக்கிறது. மற்ற நான்கும் அவிழக் காத்திருக்கிற முடிச்சுகள். அடுத்த பாரில் ஏ மைனர் வந்ததும் ஏயில் சிவரஞ்சனிக்கு வழுக்கி இறங்கிவிடலாம். சியில் முடிகிற டி மைனர், ஜி செவன்த், சி மேஜர் வரிசைக்கும் இதே வழி உண்டு: முதலில் டியில், பிறகு ஏ ஃபிளாட்டில், பிறகு ஏயில் சிவரஞ்சனி. கடைசியில் பாஸ் சியில் இருப்பதால் அந்த ஏ சிவரஞ்சனி சுநாதவினோதினியாகக் கேட்கும், எஃப் ஷார்ப் பிரதி மத்யமமாக மினுங்கும். முதல் தடவை இதைக் கேட்டபோது வில்லை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆரம்பிக்கிறவர்கள் கார்ட் அடிக்கடி மாறுகிற பாட்டில் இறங்காதீர்கள். ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959 ஆல்பமான ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் முதலில் வருகிற ‘ஸோ வாட்’டில் ஆரம்பியுங்கள். முப்பத்திரண்டு பார், இரண்டே ஆதாரம். பதினாறு பார் டி மைனர், எட்டு பார் ஈ ஃபிளாட் மைனர், மறுபடி எட்டு பார் டி மைனர். ஆதி தாளக் கணக்கில் எட்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று), நான்கு ஆவர்த்தனம், நான்கு ஆவர்த்தனம். நமக்கு இது எவ்வளவு பெரிய வசதி! எங்கே இருக்கிறோம் என்று தொலைந்துபோவதுதான் ஜாமில் பெரிய பயம். ஆவர்த்தனமாக எண்ணினால் தொலைவதில்லை. பியானோவில் அதற்கு வருகிற இரண்டு கார்டில் முதலாவது ஈ, ஏ, டி, ஜி, பி. அதில் மைனரின் காந்தாரமான எஃப் இல்லை, நீங்கள் கொண்டுவருவதற்கு இடம் காலியாக இருக்கிறது. ஆனால் ஈ ஃபிளாட்டுக்குப் போகும்போது வயலினில் ஒரு ஓபன் ஸ்ட்ரிங் கூட உதவாது. ஈயில் மட்டும் சொகுசாகப் பழகியிருந்த எனக்கு அந்த எட்டு பார் மூன்று வாரம் எடுத்தது.

தாளத்தில் இன்னும் ஒன்று. ஸ்விங் என்கிற ஜாஸ் நடையில் எட்டாம் பங்கு சுரங்கள் (ஓர் எண்ணிக்கைக்கு இரண்டு) சமமாக விழாது. முதலாவது நீளம், அடுத்தது குட்டை, ஏறக்குறைய திஸ்ரத்தில் (மூன்றாகப் பிரிக்கிற நடையில்) இரண்டும் ஒன்றும் மாதிரி. நான் சர்வலகுவாக நேராக வாசித்துக்கொண்டிருந்தேன், அதுவே பாதி அந்நியமாகக் கேட்டிருக்கும். ஐந்து சுர ஸ்கேலை மேலும் கீழும் ஓட்டினால் பயிற்சிப் பாடம் மாதிரி இருக்கும். நான்கு பாரில் எட்டாம் பங்கு சுரங்கள் முப்பத்திரண்டு. ஐந்து ஐந்தாக ஆறு தடவை போனால் முப்பது, மிச்சம் இரண்டில் இறங்கிவிடலாம். கண்டத்தில் (ஐந்தின் கணக்கில்) கோர்வை கட்டிப் பழகிய கை இதை உடனே பிடித்துக்கொள்ளும். சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கிற அம்மா இதைக் கேட்டதும் சிரித்துக்கொண்டே என்னோடு சேர்ந்து அடித்தார். எனக்கு இந்த இசையில் முதன்முதலாக வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது அப்போதுதான்.

கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பதை, பற்றி என் மனதில் வருத்தம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பியானோவின் சுரங்கள் நிலையாக நிற்பவை. ரேவதியின் ரிஷபத்தை நான் ஆசையாக அசைத்தபோது, சாவுக்கும் ரிஷபத்துக்கும் நடுவில் நின்ற அந்த அசைவு சுருதி சேராதது போலத்தான் மற்றவர்களுக்குக் கேட்டிருக்கிறது. இப்போது பியானோ கார்ட் பிடித்திருக்கும்போது நேராக வாசிக்கிறேன். பாஸும் டிரம்ஸும் மட்டும் இருக்கும்போது, அல்லது சொற்றொடரின் கடைசிச் சுரத்தில், அசைக்கிறேன். விட்டுக்கொடுத்ததாகத்தான் முதலில் பட்டது. கத்ரி கோபால்நாத்தும் ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேர்ந்து 2008-இல் வெளியிட்ட ‘கின்ஸ்மென்’ ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு அந்த வருத்தம் குறைந்தது. இரண்டு ஆல்டோ சாக்ஸபோன், ஒன்று கர்நாடகம், ஒன்று ஜாஸ். அதில் அடித்தளத்தையே அசைவுக்கு இடம் வருகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். அப்படி ஓர் இடத்தை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு சாதாரண ஜாமில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

போன மாதம் அதே கிளப்புக்குப் போனேன். பெரியவரும் கூட வந்தார், ஆனால் மேடையில் வேறு ஆட்கள்தான். அதே ஏ மைனர் ப்ளூஸைக் கேட்டேன். இரண்டு கோரஸோடு நிறுத்திக்கொள்வது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். முதல் கோரஸில் பாதிக்கு மேல் மௌனமாக இருந்து பாஸை மட்டும் கேட்டேன். இரண்டாவது கோரஸின் ஐந்தாவது பாரில் டி மைனர் வந்ததும் அந்தப் பழைய ஐந்து சுரம், இந்தத் தடவை தெரிந்தே. பத்தாவது பாரில் எஃப் சிவரஞ்சனியில் ஏறி ஏ ஃபிளாட்டில் நின்றேன், பியானோ அதே சுரத்தில் வந்து சேர்ந்துகொண்டது. அடுத்த பாரில் இருவரும் ஒன்றாக இறங்கினோம்.

ஒன்பதாவது பார்தான் இரண்டு கோரஸிலும் கோட்டை விட்டேன். எஃப் செவன்த் ஒரே ஒரு பார் வந்து போய்விடுகிறது. அங்கே சியில் சிவரஞ்சனி சரியாக வரும், எஃப்புக்கு வேண்டிய காந்தாரமும் கைசிகி நிஷாதமும் அதில் இருக்கின்றன. சியிலிருந்து அடுத்த பாரில் எஃப்புக்குத் தாவ வேண்டும். பெரியவர் எனக்காக எஃப்பும் ஈயும் மட்டும் மாறி மாறி வருகிற மாதிரி பத்து நிமிடம் பதிவு செய்து அனுப்பியிருக்கிறார். இந்த வாரம் காலையில் அதுதான் ஓடுகிறது. பாட்டில் வந்துவிட்டது, வில்லில் இன்னும் வரவில்லை.